நகல் எடுப்பது யார், யாருக்காக?
தில்லி ஜெராக்ஸ் கடை வழக்கு முதல் செயற்கை நுண்ணறிவு வழக்கு வரை

புதுதில்லி

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் உள்ள தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய இடம். அந்த வளாகத்துக்குள் பல்கலைக்கழகத்தின் உரிமம் பெற்று இயங்கிய ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை, 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உலகின் மூன்று பெரும் கல்விப் பதிப்பகங்களை நீதிமன்றப் படியேற வைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, 'ராமேஷ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீசஸ்' என்ற அந்தக் கடை மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. கேட்கப்பட்ட இழப்பீடு சுமார் ரூ.60 லட்சம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட வாங்காத கடைக்கு எதிராக இத்தனை பெரிய நிறுவனங்கள் ஏன் திரண்டன என்ற கேள்வி அன்றே எழுந்தது. கடை ஒரு சாக்குதான். வழக்கின் உண்மையான இலக்கு இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஒரு சிறிய பிரிவு. அந்தப் பிரிவுக்கு நீதிமன்றம் எப்படிப் பொருள் கொள்கிறதோ, அதைப் பொறுத்தே நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களின் வாசல்களில் இயங்கும் நகல் கடைகளின் நிலையும், அவற்றை நம்பிப் படிக்கும் மாணவர்களின் நிலையும் தீர்மானமாகும் என்ற நிலை இருந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பதிப்பகங்கள் தாமாகவே பின்வாங்கின. ஆனால் வழக்கு எழுப்பிய கேள்வி ஓயவில்லை. நகல் எடுப்பது திருட்டா, உரிமையா என்ற அதே கேள்வி இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் உருவில் அதே உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்துள்ளது. இம்முறை நகல் எடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்படுவது ஜெராக்ஸ் கடை அல்ல. உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுள் ஒன்று.

பாடத்தொகுப்பு என்பது என்ன?

பட்ட மேற்படிப்பு மாணவருக்கு ஒரு தாளுக்கு ஒரே ஒரு பாடநூல் என்ற வழக்கம் இல்லை. ஒரு நூலில் ஓர் இயல், மற்றொரு நூலில் இருபது பக்கங்கள், ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரை என ஆசிரியர்கள் வாசிப்புப் பட்டியல் தருவார்கள். ஒரு பருவத்துக்கு முப்பது, நாற்பது நூல்களைத் தொட வேண்டியிருக்கும். அவற்றுள் பல வெளிநாட்டுப் பதிப்புகள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ரூபாய் விலை. சில நூல்கள் இந்தியச் சந்தைக்கு வருவதே இல்லை. வேறு சில பதிப்பில் இல்லாமல் போனவை. நூலகத்தில் இருப்பது ஒன்றோ இரண்டோ படிகள். வகுப்பில் இருப்பவர்களோ நூற்றுக்கும் மேல்.

இந்த நிலையில் பட்டியலில் உள்ள பகுதிகளை மட்டும் நூலகப் படியிலிருந்து நகலெடுத்து, சுருள் கம்பி கட்டித் தரும் தொகுப்புக்குத்தான் பாடத்தொகுப்பு என்று பெயர். பிகாரிலிருந்தோ, ஒடிசாவிலிருந்தோ, வடகிழக்கிலிருந்தோ உதவித்தொகையை நம்பித் தலைநகருக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, ஒரு பருவம் முழுவதற்குமான அறிவு அந்தச் சுருள் கம்பிக்குள் அடங்கியிருந்தது. தனியார் நூலகமோ, கடன் அட்டையோ இல்லாதவருக்கு அதுவே பல்கலைக்கழகம்.

பதிப்பகங்கள் இதை வேறு விதமாகப் பார்த்தன. தங்கள் நூல்களின் பகுதிகளைத் தொகுத்து விற்பது ஒரு வணிகம். கடைக்காரர் லாபம் ஈட்டுகிறார். பல்கலைக்கழகம் அதற்கு இடம் கொடுத்து, நூலகப் புத்தகங்களையும் கொடுக்கிறது. எனவே இருவருமே உரிமை மீறலுக்குப் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். நகல் எடுக்கத் தடையில்லை. இந்திய நகல் உரிமை அமைப்பான ஐ.ஆர்.ஆர்.ஓ.விடம் பணம் கட்டி உரிமம் பெற்றுக்கொள்ளட்டும் என்றும் கூறின. 2012 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கல்வியாண்டின் நடுவே பாடத்தொகுப்புகள் நின்றன.

மாணவர்களும் ஆசிரியர்களும் எழுந்தனர்

வழக்கில் பெயர் சேர்க்கப்படாத மாணவர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுமாறு நீதிமன்றத்தை அணுகினர். கல்வியாளர்களின் அமைப்பு ஒன்றும் இணைந்தது. இரு தரப்பினரையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வணிக வழக்காகத் தொடங்கிய ஒன்று, இந்த இணைப்புகளால் பொதுநல வழக்கின் தன்மையைப் பெற்றது.

பதிப்பகங்களுக்குப் பெரும் சங்கடம் வேறு திசையிலிருந்து வந்தது. நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். எந்த நூல்களின் உரிமை மீறப்பட்டதாகப் புகார் கூறப்பட்டதோ, அந்த நூல்களை எழுதியவர்களே பலர் அக்கடிதத்தில் கையொப்பமிட்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் எழுத்தாளரான அமர்த்தியா சென்னும், மாணவர்களுக்கு எதிரான இந்த வழக்கு குறித்துப் பதிப்பகத்துக்குத் தன் கவலையைத் தெரிவித்தார்.

எழுத்தாளர் நலனுக்காகவே வழக்கு என்று சொல்லப்பட்ட இடத்தில், எழுத்தாளர்களே எதிர்த் தரப்பில் நின்றனர். இதற்குக் காரணம் உண்டு. ஆய்வு நூல் எழுதும் பேராசிரியர் புத்தக வருவாயை நம்பி வாழ்பவர் அல்லர். அவருக்கு ஊதியம் தருவது பல்கலைக்கழகம். பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். அவர் விரும்புவது தன் கருத்து வாசிக்கப்பட வேண்டும் என்பதையே. தன் இயலை மாணவர் நகலெடுத்துப் படித்தால் அவருக்கு அது இழப்பல்ல; அடுத்த தலைமுறைக்குள் தன் சிந்தனை செல்லும் வழி.

நீதிபதி நினைவுகூர்ந்த மாணவப் பருவம்

2016 செப்டம்பர் 16-ஆம் தேதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது படைப்பாளிக்கு இயற்கையோ இறைவனோ அளித்த முழு உடைமை அன்று. பொதுமக்களின் அறிவு வளர வேண்டும் என்ற நோக்கத்துடன் சட்டம் உருவாக்கிய ஏற்பாடு என்று தீர்ப்பு கூறியது. அதாவது, உரிமை முதலில் வந்து, விதிவிலக்கு பின்னர் சலுகையாக வந்ததல்ல. இரண்டும் ஒரே நோக்கத்தின் இரு பகுதிகள்.

தீர்ப்பின் நடுவே நீதிபதி தம் மாணவப் பருவத்தை நினைவுகூர்ந்தார். அவர் சட்டம் படித்த நாட்களில் நகல் வசதி அரிது. செலவும் நேரமும் மிகுதி. மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் அமர்ந்து, இயல் இயலாகக் கையால் எழுதி, பின்னர் அதற்குக் கார்பன் படி எடுத்துக்கொள்வார்கள். அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. கையால் வருந்திச் செய்தால் குற்றமில்லாத ஒரு செயல், தொழில்நுட்பம் அதை எளிதாக்கிவிட்டது என்பதற்காக மட்டும் குற்றமாகிவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

தொழில்நுட்பம் குறித்து நம் நீதிமன்றங்கள் சொன்னவற்றில் இது எளிமையானதும் ஆழமானதுமான வாதம். ஒரு கருவி புதிதாக வரும்போதெல்லாம் பழைய உரிமை பறிபோகும் என்றால், தொழில்நுட்ப வளர்ச்சியின் பயன் முழுவதும் உரிமையாளருக்கே போய்ச் சேரும். வாசகருக்கு ஒன்றும் மிஞ்சாது.

சட்டத்தின் அந்தச் சிறிய பிரிவு

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. அதில் ஒன்று: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுஆக்கம் செய்வது. எத்தனை பக்கம், எத்தனை விழுக்காடு என்ற வரம்பு எதையும் நாடாளுமன்றம் அதில் எழுதவில்லை.

'கற்பித்தலின் போக்கில்' என்றால் வகுப்பறைக்குள், கரும்பலகை முன் நடப்பது மட்டுமே என்றனர் பதிப்பகத் தரப்பினர். வகுப்புக்கு முன் தயாரிப்பதும், வகுப்புக்குப் பின் படிப்பதும், பாடத்திட்டம் வகுப்பது முதல் தேர்வு வரையிலான அனைத்தும் கற்பித்தலே என்றது நீதிமன்றம்.

மேல்முறையீட்டில் 2016 டிசம்பர் 9-ஆம் தேதி நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா ஆகியோரைக் கொண்ட அமர்வு, சட்டத்துக்குத் தரப்பட்ட இந்த விளக்கத்தை ஏற்றது. பக்க எண்ணிக்கையல்ல, கற்பித்தலுக்கு அது தேவையா என்பதே அளவுகோல் என்று தெளிவுபடுத்தியது. ஆசிரியர் தாமே இயந்திரத்தை இயக்கினாலும், கூலி கொடுத்து ஒரு கடைக்காரரிடம் செய்வித்தாலும் சட்டத்தின் முன் வேறுபாடில்லை என்றது. கல்வி பரவினால் படித்தவர்களும் அவர்களது வருவாயும் பெருகி, நீண்ட காலத்தில் நூல்களின் சந்தையும் விரியும் என்ற கருத்தையும் பதிவு செய்தது.

அதே வேளையில், பதிப்பகத் தரப்பின் வாதத்தை அமர்வு அடியோடு புறந்தள்ளவும் இல்லை. பாடத்தொகுப்பில் சேர்க்கப்பட்ட பகுதிகள் உண்மையிலேயே கற்பித்தலுக்குத் தேவையானவைதாமா, முழு நூல்களும் நகலெடுக்கப்பட்டனவா என்பவை விசாரித்து முடிவு செய்ய வேண்டிய கேள்விகள் என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது. தடை எதுவும் விதிக்கவில்லை. கடைக்காரர் கணக்கு வைத்துத் தாக்கல் செய்தால் போதும் என்றது.

விசாரணைக்குப் பதிப்பகங்கள் நிற்கவில்லை. 2017 மார்ச் மாதம் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஐ.ஆர்.ஆர்.ஓ. உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த மனு 2017 மே மாதம் தள்ளுபடியானது. கல்விக்கான நகல் உரிமை குறித்து உயர் நீதிமன்றம் சொன்னதே நிலைத்தது.

ஏறிய ஏணியை எட்டி உதைத்தல்

இந்த வழக்கு நடந்த காலத்தில் 'நகல் கலாச்சாரம்' வளரும் நாடுகளின் நோய் என்பதுபோல் சில குரல்கள் ஒலித்தன. வரலாறு வேறு கதையைச் சொல்கிறது. அமெரிக்காவின் 1790-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தன் நாட்டவர்க்கும் அங்கு வசிப்பவர்க்கும் மட்டுமே பாதுகாப்பு தந்தது. ஆங்கிலேய எழுத்தாளர்களின் நூல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஒரு காசும் தராமல் அச்சிட்டு விற்றனர். 1842-இல் அமெரிக்கா சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் இதைக் குறித்து மேடையிலேயே முறையிட்டார். பத்திரிகைகள் அவரைத்தான் கடிந்துகொண்டன. வெளிநாட்டு எழுத்தாளர்க்கு அந்நாடு உரிமை வழங்கியது 1891-இல். அதற்குள் நூறாண்டு காலம் மலிவு நூல்களால் ஒரு படித்த சமுதாயத்தை அது உருவாக்கிக்கொண்டது.

விடுதலை பெற்ற இந்தியா இதே வாய்ப்பைச் சட்டப்படி கேட்டது. 1967-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த பன்னாட்டு மாநாட்டில், கல்விக்காக மொழிபெயர்க்கவும் மறுஅச்சிடவும் வளரும் நாடுகளுக்குத் தளர்வு வேண்டும் என்று வாதாடிய நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நின்றது. வளர்ந்த நாடுகள் ஏற்க மறுத்ததால், 1971-இல் பாரிஸில் நிபந்தனைகள் மிகுந்த ஒரு சமரசமே கிட்டியது.

உள்நாட்டிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. தில்லியின் தரியாகஞ்சில் பழச்சாறுக் கடையிலிருந்து தொடங்கிய குல்ஷன் குமார், 1980-களில் கேசட் தொழிலில் இறங்கினார். பழைய பாடல்களைப் புதிய பாடகர்களைக் கொண்டு பாடவைத்து வெளியிட அன்றைய சட்டத்தில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, மலிவு விலைக் கேசட்டுகளால் அவரது டி-சீரிஸ் நாடெங்கும் பரவியது. கிராமபோன் கம்பெனியின் ஆதிக்கம் உடைந்தது. இசை ஏழைகளின் வீட்டுக்கும் சென்றது. அதே நிறுவனம் பின்னர் பெரும் இசை உரிமைகளின் உடைமையாளராகி, 2008-இல் மைஸ்பேஸ் இணையதளத்தின் மீது உரிமை மீறல் வழக்குத் தொடுத்தது. நகலால் வளர்ந்தவரே காவலராக மாறுவது வணிகத்தில் புதிதல்ல. ஆனால் சட்டம் இயற்றுவோர் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது.

தாகூரும் பாரதியும்

பதிப்புரிமைக் காலம் எவ்வளவு என்பதும் ஓர் அரசியல் முடிவே. படைப்பாளி மறைந்து 50 ஆண்டுகள் என்றுதான் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ரவீந்திரநாத் தாகூர் 1941-இல் மறைந்தார். அவரது நூல்களின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. 1991 டிசம்பர் இறுதியோடு அது முடிய வேண்டும். கடைசி நேரத்தில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் 1992-இல் திருத்தம் கொண்டுவந்து, காலத்தை 60 ஆண்டுகளாக நீட்டியது. ஒருவரின் நூல்களுக்காக, நாட்டின் எல்லாப் படைப்பாளிகளின் நூல்களும் மேலும் பத்தாண்டுகள் பூட்டப்பட்டன.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் தமிழகத்தில் உண்டு. பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அதன் பயனாகப் பாரதியின் கவிதைகள் மலிவுப் பதிப்புகளில் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன. பிற்காலத்தில் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்குவது தமிழக அரசின் வழக்கமாயிற்று. படைப்பாளியின் குடும்பத்துக்கு உரியது குடும்பத்துக்கும், நூல் மக்களுக்கும் என்ற இந்த ஏற்பாட்டில் குறைகள் இருக்கலாம். ஆனால் பூட்டுவதற்கும் திருடுவதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அது காட்டியது.

நாடாளுமன்றமும் அந்த வழியை அறியாதது அல்ல. ஜெராக்ஸ் கடை வழக்குக்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடைமுறைக்கு வந்த 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் உரிமத்தொகையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதவாறு பாதுகாத்தது. அதே திருத்தம், பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தருவது உரிமை மீறல் ஆகாது என்றும் அறிவித்தது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. படைப்பாளிக்குக் கூடுதல் பாதுகாப்பு, எளியோருக்குக் கூடுதல் விலக்கு என்ற இரண்டும் ஒரே சட்டத்தில் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இத்திருத்தமே சான்று.

ஆய்விதழ்களுக்கு ரூ.6,000 கோடி

நூல்களுக்கு விடை கிடைத்தது. ஆய்விதழ்களுக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஆய்வு செய்பவருக்கு ஊதியம் பொதுப்பணம், ஆய்வகம் பொதுப்பணம், கட்டுரையைச் சரிபார்க்கும் சக அறிஞர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிச் செய்கின்றனர். முடிவில் அந்தக் கட்டுரையைப் படிக்கப் பல்கலைக்கழக நூலகம் மீண்டும் பணம் கட்ட வேண்டும். சந்தா கட்ட இயலாத கல்லூரிகளின் ஆய்வாளர்கள், அலெக்சாண்டிரா எல்பாக்கியன் உருவாக்கிய 'சை-ஹப்' போன்ற தளங்களை நாடினர். எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகியவை 2020 டிசம்பரில் இத்தளத்தின் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. புதிய கட்டுரைகளை ஏற்றமாட்டோம் என்று தந்த உறுதிமொழி மீறப்பட்டதாகக் கூறப்பட்ட நிலையில், 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்கிடையே மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ஆம் தேதி 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே வாசல் திறக்கப்பட்டது என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது.

ஆயினும் ஆண்டுக்கு ரூ.2,000 கோடி யாரிடம் செல்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. பெரும்பகுதி வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கே. மூன்றாண்டு முடிந்தபின் சந்தா நின்றால் வாசல் மூடிக்கொள்ளும். முதற்கட்டத்தில் தனியார் கல்லூரிகளின் மாணவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுக் கட்டுரைகள் எவரும் படிக்கக்கூடியவாறு பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்தன. அந்தக் கொள்கை முழு மூச்சுடன் செயல்பட்டிருந்தால், இன்று வெளியாருக்குக் கட்டும் தொகையில் ஒரு பங்காவது குறைந்திருக்கும். சந்தா கட்டுவது பசிக்குச் சோறு வாங்கித் தருவது. திறந்த களஞ்சியம் அமைப்பது உழுவதற்கு நிலம் தருவது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பது கொள்கையாகாது.

இயந்திரம் படிக்கும்போது

2024 நவம்பரில் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தன் செய்திகளை அனுமதியின்றி எடுத்துத் தன் மென்பொருளைப் பயிற்றுவித்தது என்பது குற்றச்சாட்டு. தரவுகளைச் சேமித்துப் பயிற்றுவிப்பதே உரிமை மீறலா, 52-ஆவது பிரிவின் விலக்கு இதற்குப் பொருந்துமா, கணினிகள் வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா ஆகிய கேள்விகளை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பும் வழக்கில் இணைய முன்வந்தது.

இங்குதான் ஜெராக்ஸ் கடைக்காக வாதாடியவர்களுக்குச் சோதனை. இயந்திரமும் படித்துத்தானே கற்கிறது, மாணவர் நகலெடுத்தால் சரி, இயந்திரம் எடுத்தால் தவறா என்ற கேள்வி எழுகிறது. கருவி எளிதாகிவிட்டதாலேயே ஒரு செயல் குற்றமாகாது என்ற நீதிபதி எண்ட்லாவின் வாதத்தை, இன்று தொழில்நுட்ப நிறுவனங்களும் தங்களுக்குச் சாதகமாகத் திருப்ப முடியும்.

ஆனால் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளை முழுமையாகப் படித்தால் விடை அவற்றிலேயே இருக்கிறது. அளவுகோல் நகலின் அளவன்று, நோக்கம் என்றது அமர்வு. சட்டத்தின் விலக்கு ஆசிரியருக்கும் மாணவருக்கும் தரப்பட்டது. அறிவு ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குச் செல்வதற்காகத் தரப்பட்டது. பாடத்தொகுப்பைப் படித்த மாணவி அந்த நூலாசிரியருக்குப் போட்டியாகக் கடை விரிப்பதில்லை. பல்லாயிரம் எழுத்தாளர்களின் உழைப்பை உட்கொண்டு, அதே எழுத்தாளர்களின் வேலையைச் செய்துதரும் சேவையைச் சந்தா வாங்கி விற்பது வேறு வகை. ஒரு கையில் நகல், மறு கையில் சந்தை என்றால், அதைக் கல்வி என்ற பெயரில் மறைக்க இயலாது.

மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒரு நடுவழியைப் பரிந்துரைத்தது. சட்டப்படி கிடைக்கும் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்த நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம். பதிலுக்கு, வருவாய் ஈட்டத் தொடங்கியதும் படைப்பாளிகளுக்கு உரிமத்தொகை. அதை வசூலித்துப் பிரித்துத் தர ஒரு மைய அமைப்பு. படைப்பாளி மறுக்கும் உரிமை இதில் இல்லை. பணம் மட்டும் உண்டு.

இந்தப் பணம் யாருக்குச் சேரும் என்பதே இனி முக்கியக் கேள்வி. பெரிய ஊடகக் குழுமங்களுக்கும் இசை நிறுவனங்களுக்கும் சங்கம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. மதுரையிலோ, பாட்னாவிலோ, குவாஹாட்டியிலோ சொந்தச் செலவில் நூல் போட்ட எழுத்தாளருக்கு யார் உண்டு? அவரது தமிழும் மைதிலியும் அசாமியும் இயந்திரத்துக்கு ஊட்டப்படும். தொகை பிரிக்கும்போது அவர் பெயர் பட்டியலில் இருக்குமா? பாடலாசிரியர்களின் உரிமையை 2012-இல் காத்த நாடாளுமன்றம், இங்கும் அதே உறுதியைக் காட்ட வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

கல்விக்கான நகல் விலக்கில் பக்க வரம்பு புகுத்தும் எந்தத் திருத்தத்துக்கும், எந்த வணிக ஒப்பந்த நிபந்தனைக்கும் அரசு இணங்கக் கூடாது. நீதிமன்றத்தில் தோற்ற கோரிக்கைகள் பேச்சுவார்த்தை மேசை வழியாகத் திரும்பி வருவது உலக அனுபவம். பொதுப்பணத்தில் விளைந்த ஆய்வு பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒரே சந்தாவுக்கான ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது அந்த நிபந்தனையையும் சேர்த்தே பேச வேண்டும். கல்லூரி நூலகங்களுக்கு நூல் வாங்க நிதி வேண்டும். ஏனெனில் நகல் கடை, காலியான நூலகத்துக்கு மாற்றாக முடியாது. சிறு பதிப்பகங்கள், குறிப்பாக இந்திய மொழிகளில் வெளியிடுபவை, நூலகக் கொள்முதலை நம்பியே உயிர்வாழ்கின்றன. முழு நூலையும் திருட்டுத்தனமாக அச்சிட்டு நடைபாதையில் விற்பவரால் முதலில் அழிபவர்களும் அவர்களே. அந்தத் திருட்டையும் மாணவரின் பாடத்தொகுப்பையும் ஒரே தராசில் வைப்பது அநீதி.

செயற்கை நுண்ணறிவுச் சட்டம் வரும்போது, உரிமத்தொகையில் தனி எழுத்தாளருக்கும் சிறு மொழிகளுக்கும் உரிய பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மைய அமைப்பின் கணக்குகள் நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வர வேண்டும்.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் அந்தச் சிறிய கடை ஐந்து ஆண்டுகள் மூன்று பெரும் நிறுவனங்களை எதிர்கொண்டு நின்றதற்குக் காரணம், அதன் பின்னால் மாணவர்களும் ஆசிரியர்களும், நூல்களை எழுதியவர்களும் நின்றதுதான். நகல் எடுப்பது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எடுப்பவர் யார், எதற்காக எடுக்கிறார், எடுத்தபின் வாயில் திறக்கிறதா மூடுகிறதா என்று கேட்க வேண்டும். 2016-இல் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட நீதிமன்றத்தின் முன்னால்தான் புதிய வழக்கும் வந்திருக்கிறது.